மொராக்கோ: எந்தச் சுற்றில் சேருவது?

மொராக்கோவுக்குக் குழுவாகப் போக விசாரித்தால் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரிப் படங்களைத்தான் அனுப்புகின்றன: நீலச் சுவர், ஒட்டக வரிசை, கூடாரத்தில் எரியும் விளக்கு. படங்களை ஒதுக்கிவிட்டுப் பயணத் திட்டத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். வண்டி எங்கே கிளம்பி எங்கே முடிகிறது? தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது?

இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் அந்த நாட்டின் அமைப்பு. மராக்கேஷுக்கும் சஹாராவுக்கும் நடுவே உயர் அட்லஸ் மலை நிற்கிறது. அதைக் கடந்து பாலைவனத்துக்குப் போகப் பயணிகள் ரயில் கிடையாது. சுமார் 2,260 மீட்டர் உயரமுள்ள டிஷ்கா கணவாய் வழியாக, வளைந்து வளைந்து ஏறும் சாலையில்தான் போக வேண்டும். உயரமான மணல்மேடுகள் உள்ள மெர்சூகா, மராக்கேஷிலிருந்து ஏறக்குறைய 560 கி.மீ. எங்கும் நிற்காமல் போனாலே ஒன்பது பத்து மணி நேரம் ஆகிவிடும்.

அதிகம் விற்கப்படுவது மூன்று நாள் சுற்று. முதல் நாள் அய்த் பென்ஹத்துவின் மண்கோட்டையைப் பார்த்துவிட்டு டாடெஸ் பள்ளத்தாக்கில் தங்கல். இரண்டாம் நாள் மாலை மெர்சூகா. மூன்றாம் நாள் விடிந்ததும் மராக்கேஷுக்குத் திரும்பல். அந்த மூன்றாம் நாள் முழுக்க வண்டியிலேயே கழியும். அதுவும் முன்பே பார்த்த சாலையில். இதே மூன்று நாளை ஃபெஸ் நகரில் முடிக்கும் சுற்றும் உண்டு. அதில் கடைசி நாளும் நீண்டதுதான், ஏழெட்டு மணி நேரம் ஓட வேண்டும். ஆனால் ஸீஸ் பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புகள், மிதெல்த், அஸ்ரூ பக்கத்துத் தேவதாருக் காடு, அங்கே வாலில்லாக் குரங்குகள் என்று வழியெல்லாம் புதிதாக இருக்கும். கட்டணம் சற்றுக் கூடினாலும் ஃபெஸில் முடிவதையே எடுங்கள். போன வழியே திரும்பும் சுற்று எனக்கு ஒப்பவில்லை.

“இரண்டே நாளில் பாலைவனம்” என்று இருந்தால் அது பெரும்பாலும் ஸகோரா. த்ரா ஆற்றோரத் தோப்புகள் அழகுதான். ஆனால் அங்கே மணல்மேடுகள் தாழ்வானவை. மெர்சூகாவை ஒட்டிய எர்க் ஷெப்பியின் 150 மீட்டர் மேடுகளை மனத்தில் வைத்துப் போனால் ஏமாற்றமே. மராக்கேஷுக்கு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள அகஃபாய், மணலே இல்லாத கல்வெளி. கைக்குழந்தையோ முழங்கால் வலிக்கும் பெரியவர்களோ உடன் வந்தால், கல் என்று தெரிந்தே அதைத் தேர்ந்தெடுக்கலாம், குற்றமில்லை. எர்க் ஷிகாகா என்னும் மணல்மேட்டுப் பகுதி தனிமைக்குப் பெயர்போனது. ஆனால் அங்கே போகும் வழியில் மஹமீது என்ற ஊருக்கு அப்பால் தார்ச்சாலை கிடையாது. ஜீப் வைத்துக்கொள்ளும் சிறு குழுவுக்கே அது சரிப்படும்.

மெர்சூகாவில் ஒரு இரவா, இரண்டா? முடிந்தால் இரண்டு. ஒரே இரவு என்றால் பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்து, விடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். காலை வெயில் சாய்வாக விழும் அரைமணி நேரத்தில் ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கம் செம்மஞ்சளாகவும் மறுபக்கம் கருநிழலாகவும் பிரியும். அதை நின்று பார்க்க நேரம் வேண்டும். ஒட்டகச் சவாரி கட்டாயமில்லை. சரிவில் இறங்கும்போது தொடை நன்றாகவே வலிக்கும். இரவு தங்கும் கூடார முகாமுக்கு ஜீப்பிலும் போகலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

குழுவின் அளவை ஃபெஸின் பழைய நகரம் முடிவு செய்துவிடும். அங்கே வண்டிகளுக்கு இடமில்லை. தோல்மூட்டையும் எரிவாயு உருளையும் சுமந்த கோவேறு கழுதைகள் வரும், ஓட்டுபவர் “பாலக்!” என்று கத்தினால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தச் சந்துகளில் நாற்பது பேர் போனால், பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்டியின் குரல்கூடக் கேட்காது. பன்னிரண்டு முதல் பதினாறு பேர் என்பது நல்ல அளவு. ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளை மாடியிலிருந்து பார்க்கும்போது நாற்றத்துக்கு ஒரு கொத்துப் புதினா தருவார்கள். இறங்கும் வழி தோல்கடைக்குள்தான். 859-இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் கராவியீன் பள்ளிவாசலை, முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்றே பார்க்க முடியும். பூ இனானியா மதரஸாவுக்குள் எல்லோரும் போகலாம். ஃபெஸுக்கு இரண்டு இரவு இல்லாத திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலையில் நடப்பதுதான் ஆசை என்றால் அதை இந்தப் பாலைவனச் சுற்றோடு சேர்க்காதீர்கள். இம்லில் கிராமத்திலிருந்து தொடங்கும் நடைகளுக்கும் 4,167 மீட்டர் தூப்கல் சிகரத்துக்கும் தனியே நாள் ஒதுக்க வேண்டும். 2023 செப்டம்பர் நிலநடுக்கம் உயர் அட்லஸைத்தான் கடுமையாகத் தாக்கியது. அங்குள்ள குடும்பங்கள் நடத்தும் விடுதிகளில் தங்கினால் நம் பணம் நேரே அவர்கள் கைக்குப் போகும்.

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பர் வரையும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் பாலைவனம் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்காலத்தில் பனி விழுந்தால் கணவாயை மூடிவிடுவதும் உண்டு. ரமலானில் பகல் நேரத்தில் சிறு உணவகங்கள் பலவும் அடைத்திருக்கும்.

சைவர்களுக்குக் காய்கறித் தஜீனும் கூஸ்கூஸும் தாராளமாகக் கிடைக்கும். ஹரீரா சூப்பில் இறைச்சி சேர்ப்பது வழக்கம். காய்கறித் தஜீனிலும் இறைச்சிச் சாறு சேரலாம். முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: வண்டியில் எத்தனை இருக்கை, மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேருமா, தனியாக வருபவருக்கு அறைக்கு எவ்வளவு கூடும், கம்பளக் கடையிலும் ஆர்கன் எண்ணெய்க் கடையிலும் எத்தனை முறை நிறுத்துவார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற நிறுவனத்தோடு பேச்சைத் தொடரலாம்.