பொற்கிழியும் பல்லாண்டும்

மநுஷ்யனுக்கு எம்பெருமான் அளித்த பெருஞ்செல்வம் புத்தி. அது எதற்குப் பயன்படும், எந்த எல்லை வரை செல்லும் என்பதைப் பூர்வாசார்யர்கள் அறுதியிட்டுள்ளனர்.

ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என அறிவு பெறும் வழிகள் மூன்று. கண்ணால் காண்பது ப்ரத்யக்ஷம். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது அநுமானம். வேத வாக்கால் அறிவது சப்தம். ‘குடத்துக்குக் குயவன்போல உலகுக்கும் ஒரு கர்த்தா உளன்’ என்று அநுமானத்தாலேயே ஈச்வரனை நிறுவுவாரும் உளர். பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில், சாஸ்த்ரயோநித்வ அதிகரணத்தில், இதனை மறுத்தருளினார். குயவன் உடலும் கருவியும் உடையவன். அவனைக் கொண்டு அநுமானித்தால் உடலும் குறைவும் உள்ள கர்த்தாவே கிடைப்பான். உலகு முழுவதையும் ஒருவனே செய்தான் என்பதற்கும் அதில் உறுதியில்லை. ஆகவே ஸர்வேச்வரனை அறிய வேதமே ப்ரமாணம்.

அங்ஙனமாயின் தர்க்கம் வீணோ எனில், அன்று. அநுமானத்தின் குறையைக் காட்டியதும் தர்க்கமே. மாறுபட்டாற்போல் தோன்றும் வேத வாக்யங்களைப் பொருந்த வைப்பதும் அதுவே. விளக்கு பொருளைக் காட்டும், உண்டாக்காது.

இதற்கு மதுரையே ஸாக்ஷி. பரதத்துவத்தை நிர்ணயிப்பார்க்கென்று பாண்டியன் வல்லபதேவன் பொற்கிழி கட்டுவித்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் புஷ்பகைங்கர்யம் செய்துவந்த விஷ்ணுசித்தர், பெருமாள் நியமனத்தால் ஸபைக்கு எழுந்தருளி, வேத ப்ரமாணங்களால் ஸ்ரீமந் நாராயணனே பரதத்துவம் என நிறுவினார்; கிழியும் தாழ்ந்தது என்பர் குருபரம்பரை அருளிச்செய்தோர். பின்பு யானைமேல் வலம் வருகையில், கருடாரூடனாக ஸேவை ஸாதித்த பெருமானைக் கண்ட ஆழ்வார், அவனுக்குத் தீங்கு நேருமோ என்றஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார்.

ஸர்வரக்ஷகன் என்று சற்றுமுன் யாரை நிறுவினாரோ, அவனுக்கே காப்பிடுவது யுக்திக்குப் பொருந்துமோ? பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் விடை தந்தார். ஞானம் மேலிட்டபோது காப்பவன் காப்பவனாகவே நிற்பான். ப்ரேமம் மேலிட்டபோது அம்முறை மாறிவிடும். சமர்த்தனான மகனுக்கும் தாய் திருஷ்டி கழிக்கிறாள். அவன் வலிமையை அறியாமலன்று, அன்பு மிகுதியால்.

ஆழ்வார் வாதத்துக்கு அஞ்சிப் பாடினவரல்லர். வாதித்து வென்றபின் பாடினவர். இவ்வடைவு மறக்கற்பாலதன்று. ஆராயாமலே நம்புகிறவனுடைய உறுதி பிறர் கேள்வியில் தளரும். ஆராய்ச்சியோடு நின்றவனோ, கிழியைப் பெற்றுக் கருடஸேவையை இழந்தவனாவான்.

ஆகவே சமயநல்லூர் உத்ஸவத்துக்கு எழுந்தருளும் அடியார்கள், ‘பெருமாள் உண்டென்று எப்படி அறிவது?’ என்று தம் பிள்ளைகள் கேட்டால் அதட்டாது விடை கூறுவார்களாக. பின்னர் ஸந்நிதியில் அவர்களோடு கைகூப்பிப் பல்லாண்டு பாடுவார்களாக.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.