ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லையா?

ஜவ்வாதுமலையிலிருந்து கூலிக்குப் போனவர் ஆந்திரத்தில் செம்மரம் வெட்டிய வழக்கில் பிடிபட்டார் என்று சேதி வந்தால் வீட்டார் பதறுவது இயல்பே. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்த மலையில் யாரும் மறக்கவில்லை. ஆனாலும், ஆடு மாடுகளை விற்றுத் தரகரைத் தேடும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உறவினருக்கும் தகவல் சொல்ல வேண்டும். எந்தக் காவல் நிலையம், எந்தக் குற்ற எண், புத்தூர் நீதிமன்றமா திருப்பதியா என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். வேறு வழக்கிலும் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்றில் ஜாமீன் கிடைத்து இன்னொன்று பாக்கியிருந்தால் சிறைக்கதவு திறக்காது.

குற்றப்பத்திரிகை 60 நாளில், கடுமையான குற்றமானால் 90 நாளில் வராவிட்டால், ஜாமீன் உரிமையாகிவிடும் (சட்டப்படியான ஜாமீன்). ஆனால் அது தானாக வராது. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே வழக்கறிஞர் மனுப் போட வேண்டும். அந்த நாளை நீங்களும் எண்ணி வையுங்கள்.

பெரும் சிக்கல் ஜாமீன்தாரர்தான். ஆந்திர நீதிமன்றம் உள்ளூர் ஆள் கேட்கும். ஜவ்வாதுமலைக்காரருக்குப் புத்தூரில் யார் இருக்கிறார்கள்? 1978இல் மோத்திராம் வழக்கில், வேறு மாவட்டத்துச் சொத்து என்பதற்காக ஒரு கொத்தனாரின் சகோதரரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொன்னது: ஜாமீன் உத்தரவுக்குப் பின் ஏழு நாளில் விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணி ஆணையச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். இதைச் சொல்லி, சொந்தப் பிணையில் (ஜாமீன்தாரர் இல்லாமல் கையெழுத்திட்டு) விடக் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப்பணி ஆணையத்தின் அழைப்பு எண் 15100. பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு, ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில் பண உதவி கிடைக்கும்.

புத்தூர் என்றால் எலும்பு முறிவுக் கட்டுதான் நினைவுக்கு வரும். வழக்குக்கு அப்படியொரு உடனடிக் கட்டுக் கிடையாது. நீதிமன்ற வாசலில் கிடைக்கும் கூலி ஜாமீன்தாரர் போலிச் சான்று கொடுத்தால், புது வழக்கு உங்கள் தலையில் விழும். புரியாத தெலுங்குத் தாளில் கையெழுத்திட வேண்டாம் என்று உள்ளே இருப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவையும் ஒரு மலைவாசிக் குடும்பமே செய்ய வேண்டியிருப்பதுதான் தவறு. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் கைதான ஏறத்தாழ 300 தமிழகத் தொழிலாளர்களில் பலர், இரண்டாண்டுக்கு மேல் சிறையிலிருந்த பிறகே 2016இல் விடுதலையானார்கள். காவல்துறையும் சிறையும் மாநிலங்களின் பொறுப்பு. தமிழக வட்டாட்சியர் தரும் சொத்துச் சான்றை ஆந்திர நீதிமன்றங்கள் இணையவழியில் சரிபார்த்து ஏற்கவும், திருப்பதி மாவட்ட நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைக்கவும் இரு மாநில அரசுகளும் உடனே வழி செய்ய வேண்டும்.