சைக்கிள் செயின் நேராக ஓட 12 குறிப்புகள்

1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம், புதுக்கோட்டைப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். 1992 மகளிர் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்தபடி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். அன்று ஓட்டக் கற்ற கைகள் செயினையும் சரிபார்க்கக் கற்றுவிட்டால், வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

செயின் அடிக்கடி கழல்வதற்கும் கரகரப்பதற்கும் முக்கியக் காரணம் ஒன்று உண்டு. முன்னே உள்ள செயின் வீலும் பின்னே உள்ள பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போவதுதான் அது. சாதாரண சைக்கிளுக்கும், பின் ஹப்புக்குள்ளேயே கியர் உள்ள சைக்கிளுக்கும் இது பொருந்தும்.

1. வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்திச் செயின் கவரைக் கழற்றுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிச் செயின் போகும் வழியைப் பாருங்கள். பெரிய கோணல் இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

2. அடுத்து பற்களைப் பாருங்கள். பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால், செயின் அந்தப் பக்கம் உரசி ஓடுகிறது என்று பொருள்.

3. எதையும் மாற்றும் முன் பின்சக்கரம் ஃபிரேமின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். டயரின் இருபுறமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டி மாட்டும்போது சக்கரம் சாய்ந்துவிடுவது வழக்கம். பல நேரம் ஆக்சில் நட்டைத் தளர்த்தி நேராக வைத்து இறுக்கினாலே கோளாறு தீர்ந்துவிடும்.

4. பெடலை மெதுவாகச் சுற்றிச் செயின் வீல் ஆடுகிறதா என்று கவனியுங்கள். பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் பெடல் ஆக்சிலின் கப்பையோ காட்டர் பின்னையோ முதலில் இறுக்குங்கள்.

5. இனி நூல் சோதனை. தையல் நூலை விறைப்பாகப் பிடித்து, செயின் வீலின் முன்விளிம்புப் பல்லையும் பின்விளிம்புப் பல்லையும் வெளிப்பக்கமாகத் தொடும்படி வைத்து, பின்சக்கரம் வரை நீட்டுங்கள். நூல் பின்பல்லின் வெளிப்பக்கத்தை லேசாகத் தொட்டால் கோடு நேர். நடுவில் இடைவெளி விட்டால் பின்பல் உள்ளே தள்ளி இருக்கிறது. நூலைப் பின்பல் வெளியே தள்ளினால் அது கூடுதலாக வெளியே நிற்கிறது. செயின் வீலை மூன்று நான்கு இடங்களில் நிறுத்திப் பாருங்கள். 1, 2 மி.மீ. வித்தியாசத்தைச் செயின் பொறுத்துக்கொள்ளும்.

6. ஓவராயில் செய்த பிறகு கோணல் வந்ததா? பழைய மாடல் சைக்கிள்களில் பெடல் ஆக்சிலின் ஒரு முனை நீளமாக இருக்கும். அந்த நீள முனை செயின் பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் செயின் வீல் உள்ளே போய்விடும்.

7. சாதாரண ஃப்ரீவீல் வண்டியில், பின் ஆக்சிலின் வாஷரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினால் பின்பல் நகரும். ஆனால் சக்கரமும் கூடவே நகரும். அதனால் ஸ்போக்ஸைத் திருகி ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் சைக்கிள் கடையில் செய்வதே நல்லது.

8. ஹப் கியர் வண்டியில் வேலை சுலபம். ஸ்டர்மி ஆர்ச்சர் போன்ற 3 கியர் ஹப்பில், பல்சக்கரம் தட்டுபோலச் சற்றே குழிந்திருக்கும். அதைப் பிடித்திருக்கும் வளையக் கம்பியை நெம்பி எடுத்து, பல்சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் சில மி.மீ. உள்ளேயோ வெளியேயோ நகரும். மிச்ச வித்தியாசத்தை, அங்குள்ள மெல்லிய வாஷர்களை முன்பின் மாற்றி நேர்செய்யலாம். சக்கரம் நகராது, ரிம்மைத் தொட வேண்டியதில்லை. செயின் ஸ்போக்ஸிலோ ஃபிரேமிலோ உரசாததை மட்டும் உறுதி செய்யுங்கள். இந்த வகையில் கியர் மாறும்போது செயின் பக்கவாட்டில் நகராது. ஒருமுறை நேராக்கினால் எல்லாக் கியருக்கும் நேர்தான்.

9. செயினின் நடுப்பகுதியை விரலால் தூக்கினால் 1 முதல் 1.5 செ.மீ. வரை அசைய வேண்டும். செயின் வீல் முழு வட்டமாக இராது. ஆகவே மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளந்து பாருங்கள். ஹப் கியர் வண்டியில் செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னிழுத்தால் கியர் கேபிளும் இறுகும். அதையும் மறக்காமல் சரிசெய்யுங்கள்.

10. செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது மாட்டிக் கழன்றுவிடும்.

11. செயின் பின் ஒன்றின் நடுவில் ஸ்கேலின் 0-வை வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரும். அது 3 மி.மீ. தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். பற்கள் கூர்மையாகியிருந்தால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

12. செம்மண் புழுதியும் குவாரித் தூசியும் எண்ணெயில் ஒட்டினால் உப்புத்தாள்போலத் தேய்க்கும். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று துருவேற்றும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது குளிரில் உறைந்து, நாளடைவில் பிசுபிசுக்கும்.

வேலை முடிந்ததும் செயின் கவரை மாட்டிய பிறகே வண்டியை எடுங்கள். புடவைக்கும் துப்பட்டாவுக்கும் அதுவே காவல். 11-ஆம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை நூலை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அவர்களே பிடித்துப் பார்க்கட்டும்.