ஐப்பசிக்குள் முடிக்க வேண்டிய வேலை

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது அதற்கும் முன்பே, 2003-இல். குழாய்கள் இன்றும் சுவரில் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியவை

• புரட்டாசியிலேயே மொட்டை மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகையும் புறா எச்சத்தையும் அள்ளிவிடுங்கள்.

• வடிகட்டும் தொட்டியைத் திறந்து ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போடுங்கள். சேறு படிந்து மணல் இறுகிவிட்டால் நீர் உள்ளே போகாது, நிரம்பித் தெருவுக்குத்தான் ஓடும். கட்டிய நாளிலிருந்து மூடியே திறக்காத தொட்டிகள் ஊரில் ஏராளம். குடியிருப்புச் சங்கங்கள் பெயின்ட் அடிக்கக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் இதற்கும் காட்டலாம்.

• முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். அது மாடியைக் கழுவிய அழுக்குத் தண்ணீர்.

• பழைய கிணறு இருந்தால் அதிர்ஷ்டம். மாடி நீரை வடிகட்டி அதில் விட்டு, கொசு புகாதபடி வலை போட்டு மூடுங்கள்.

இதெல்லாம் எவ்வளவு தேறும் என்பவர்களுக்கு: 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 9,300 லிட்டர். வீணாவது போக, ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர்.

செய்யக்கூடாதவை

• மாடிக் குழாயைச் சாக்கடையில் இணைக்காதீர்கள். கனமழையில் மேன்ஹோல் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

• வாசல் முழுக்க சிமென்ட் பூசாதீர்கள். செருப்பில் சேறு ஒட்டாதுதான், ஆனால் மண்ணுக்கு ஒரு சொட்டும் போகாது.

• சோப்புத் தண்ணீரையும் பினாயிலையும் சேகரிப்புக் குழியில் ஊற்றாதீர்கள்.

• போர் வற்றியதும் இன்னும் ஆழமாக இறக்கச் சொல்லாதீர்கள். கடலோரப் பகுதிகளில் இது பெரிய தவறு. நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்துக்குக் கடல்நீர் வந்துவிடும். ஒருமுறை உப்பேறிய நிலத்தடி நீர் ஒரு மழைக்காலத்தில் தேறாது. நாம் இறைத்ததற்கு, நம் பேரப்பிள்ளைகள் உப்புத் தண்ணீரில் குளிக்க நேரும்.

• ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரைச் சிங்க்கில் விடாதீர்கள். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். செடிக்கு மட்டும் யோசித்து ஊற்றுங்கள், உப்பு அதிகம்.