மெஷின் கேட்கவா, படிப்புக் கேட்கவா?

கேள்வி: நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிற ஆட்கள் காய்ச்சல், வாந்தி, வாய்ப்புண் என்று முதலில் எங்கள் விடுதிக்குத்தான் வருகிறார்கள். புற்றுநோய்ப் பராமரிப்பில் எனக்குத் தனியான பயிற்சி கிடைக்கவில்லை. கனடாவில் உள்ள என் சித்தப்பாவின் மகன் வேலை செய்யும் கம்பனி, எங்கள் பக்கத்து வைத்தியசாலைக்கு ஏதும் உதவி செய்ய விரும்புகிறதாம். "என்ன மெஷின் தேவை எண்டு கேட்டுச் சொல்லுங்கோ அக்கா" என்கிறான். வெளிநாடுகளில் தாதியரின் புற்றுநோய்க் கல்விக்கே கம்பனிகள் காசு கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கே அப்படிக் கேட்கலாமா? கம்பனிக் காசில் படிப்பது முறையா?

பதில்: தயங்காமல் கேளுங்கள், சகோதரி. தம்பி மெஷினைப் பற்றிக் கேட்டாலும் நீங்கள் படிப்பைச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு உங்கள் விடுதியிலேயே விடை இருக்கிறது.

கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் பெரும்பாலான மருந்துகளுக்கு வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் நோயாளி தெல்லிப்பளையில் இருப்பதில்லை. முள்ளியவளையிலோ விசுவமடுவிலோ தன் வீட்டில் இருப்பார். இரவு உடம்பு சுடுகிறது. வீட்டார் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கிறார்கள். விடிந்து உங்களிடம் வரும்போது சூடு இறங்கியிருக்கும், ஆனால் கிருமி இரத்தத்தில் பரவியிருக்கக்கூடும். 38 பாகை செல்சியஸ் என்பது மற்ற நோயாளிக்குச் சாதாரணக் காய்ச்சல். இவருக்கு அவசர நிலை. வைத்தியருக்கு உடனே அறிவித்து, இரத்த மாதிரி எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக் ஊசி ஏறவேண்டும். குதவழியாக மருந்தும் வைக்கக்கூடாது, வெப்பமும் பார்க்கக்கூடாது. இதைத் தெரிந்த தாதி வாசலிலேயே கேட்கிற முதற்கேள்வி, "கடைசியாக எப்போது கீமோ ஏற்றினீர்கள்?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க எந்த மெஷினும் வேண்டாம்.

இன்னொன்று. டொக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றும்போது நாளத்திலிருந்து வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகக்கூடும். சிலருக்கு அந்தச் சிவப்பும் எரிவும் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். சேலைன் ஏற்றிய வீக்கம்தானே என்று கட்டுப்போட்டு அனுப்பினால் கை போய்விடக்கூடும். பயிற்சி பெற்ற தாதி அந்த இடத்தைப் பேனையால் சுற்றி அடையாளமிட்டு, வைத்தியரைக் கூப்பிட்டு, ஏற்றிய மருந்தின் பெயரைத் தெல்லிப்பளைக்குத் தொலைபேசியில் விசாரிப்பார். உங்களைப் பாதுகாக்கும் அறிவும் இதில் சேரும். கீமோ ஏற்றிய பின் ஏறக்குறைய 48 மணித்தியாலத்துக்கு நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்து வரும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கர்ப்பிணியான தாதியை அந்த வேலையில் விடவே கூடாது.

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பளைக்கு: நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை. உடம்பு முடியாத ஒருவர் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகமுடியாது. ஆகையால் வன்னியில் புற்றுநோய்ப் பராமரிப்பின் பெரும்பகுதியைச் செய்வது புற்றுநோய் வைத்தியசாலை என்று பெயர்ப்பலகை இல்லாத விடுதிகள்தான். உங்களை நான் புற்றுநோய்த் தாதி என்றே கருதுகிறேன், பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும்.

இனிக் கம்பனிக் காசு. தெல்லிப்பளையில் நோயாளிகள் போய்ப் படுக்கிற அந்தக் கட்டடமே அப்படிப்பட்ட முயற்சியில் எழுந்ததுதான். மாஸ் ஹோல்டிங்ஸ் என்ற ஆடை உற்பத்தி நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் 2011 ஜூலையில் 'ட்ரெயில்' என்ற நடைபயணத்தைத் தொடங்கினார்கள். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாகப் பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர், 27 நாட்கள். கூடவே ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே வருடம் ஆன ஏ-9 வீதியில், வடக்கின் புற்றுநோயாளிகளுக்காகத் தெற்கிலிருந்து நடந்து வந்தார்கள் என்பதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கம்பனிகளும் தனியாட்களும் கொடுத்த பணத்தில் கட்டடம் எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. 2016இல் அதே குழு எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தது. அதே மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலை கிளிநொச்சி அறிவியல்நகரிலும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அதனால் கம்பனியிடம் கேட்பது வன்னிக்குப் புதிய சங்கதியல்ல.

ஆனால் கட்டடத்துக்குப் பணம் சேருகிற வேகத்தில் அதற்குள் வேலை செய்கிறவர்களின் படிப்புக்குச் சேருவதில்லை. கட்டடத்தில் கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம், மெஷினோடு நின்று படம் எடுக்கலாம். ஒரு தாதி ஆறு கிழமை படித்துவிட்டு வந்தால் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மாங்குளத்திலும் நெதர்லாந்து உதவியோடு கட்டப்பட்ட சிறப்பு மருத்துவ நிலையங்கள் 2024 மே மாதம் திறக்கப்பட்டன. கிளிநொச்சியில் உள்ளது பெண்களுக்கானது. இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய் என்பதால் அந்த நிலையத்துக்குப் புற்றுநோய்ப் பராமரிப்பில் பெரிய பங்கிருக்க முடியும். அங்கே எத்தனை தாதியருக்குப் புற்றுநோய்ப் பயிற்சி கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கட்டடத்தின் பெறுமதியை நான் அளப்பேன்.

வெளிநாடுகளில் நடப்பதைக் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோய்த் தாதியருக்கென்று 1984இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைக்கப்பட்டது. அதன் மாநாடுகளுக்கும் கல்விப் பணிகளுக்கும் மருந்துக் கம்பனிகளின் ஆதரவும் உண்டு. பிறிஸ்டல் மயர்ஸ் ஸ்குயிப் என்ற அமெரிக்க மருந்துக் கம்பனியின் அறக்கட்டளை மத்திய, கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் புற்றுநோய்த் தாதியரின் பயிற்சிக்கென்றே திட்டம் நடத்தியது. எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் சிங்கப்பூர். ஓவர்சீஸ் யூனியன் வங்கியை நிறுவிய லியன் யிங் சௌ 1980இல் தொடங்கிய லியன் அறக்கட்டளை, ஆசிய பசிபிக் நோய்த்தணிப்புப் பராமரிப்பு வலையமைப்போடு சேர்ந்து பல நாடுகளில் வைத்தியருக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறது. இலங்கையும் அதில் ஒன்று. பயிற்றுநர்கள் இங்கே வந்து கற்பிப்பது அந்தத் திட்டத்தின் முறை. எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு தாதியை விமானத்தில் ஏற்றி மாநாட்டுக்கு அனுப்புவதைவிட, பயிற்றுநர் ஒருவர் விடுதிக்கு வந்து, அங்குள்ள கட்டிலில், அங்குள்ள மருந்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது பத்து மடங்கு பயன்.

முறையா என்று கேட்டது நல்ல கேள்வி. தம்பியின் கம்பனி மருந்து விற்பதில்லை என்றால் சிக்கல் குறைவு. மருந்துக் கம்பனி என்றால் பாடத்தை அவர்கள் எழுதக்கூடாது, கற்பிக்கிற ஆளையும் அவர்கள் தெரிவுசெய்யக்கூடாது. கையேட்டில் மருந்தின் பொதுப்பெயர் மட்டும் இருக்கட்டும். விலை கூடிய புது மருந்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசி, வாய்வழி மோர்பினைப் பற்றிப் பத்து நிமிடம் மட்டும் பேசுகிற பயிற்சி எங்களுக்கு உதவாது. வன்னியில் பலர் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். வலியைக் குறைப்பதும், மோர்பின் கொடுத்தால் ஆள் செத்துப்போகும் என்ற பயத்தை வீட்டாரிடம் பேசித் தீர்ப்பதும், மோர்பினோடு மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் அன்றாட வேலை. பாடம் அங்கிருந்து தொடங்கவேண்டும்.

காசை உங்கள் கையிலோ நண்பர் ஒருவரின் கணக்கிலோ வாங்காதீர்கள். நீங்கள் அரச உத்தியோகத்தர். பயிற்சிக்கான லீவு தாபன விதிக்கோவைக்கு உட்பட்டது; நன்கொடை வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியூடாக, மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியோடு வரவேண்டும். இது மெதுவான பாதை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்படி வந்தால்தான் நீங்கள் இடமாற்றமாகிப் போனாலும் திட்டம் நிலைக்கும்.

தம்பிக்கு எழுதும்போது தொகையைவிட வேலையை விபரமாக எழுதுங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா வைத்தியசாலைகளிலிருந்து இரண்டிரண்டு பேராகத் தெல்லிப்பளையில் சில கிழமை இணைந்து வேலை செய்யவேண்டும். அவர்களின் தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு கம்பனியுடையது. இரண்டு பேராக அனுப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒருவர் மட்டும் படித்து வந்தால் அவர் லீவில் நிற்கிற இரவில் விடுதிக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒருவரும் போய்விடக்கூடும்; 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் வெளிநாடு போனார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். படித்தவர்கள் தெல்லிப்பளையிலிருந்து திரும்பி வந்த பிறகும் பயிற்றுநர் மாதமொருமுறை வன்னிக்கு வரவேண்டும். அவரின் பயணச் செலவையும் கேளுங்கள். நன்கொடையாளர்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். ஆட்களை அனுப்பும் நாட்களில் விடுதியை யார் பார்ப்பது என்பதைப் பெரிய மிஸ்ஸோடு முதலே பேசி முடிவெடுங்கள். அது தீராவிட்டால் காசு வந்தும் ஒருவரும் போகமாட்டார்கள்.

மற்றது, நோயாளிக்குக் கொடுக்கத் தமிழில் ஓர் அட்டை. கீமோ ஏற்றிய திகதி, மருந்தின் பெயர், காய்ச்சல் வந்தால் எவ்வளவு விரைவில் எங்கே போகவேண்டும், தெல்லிப்பளை விடுதியின் தொலைபேசி எண். கூடவே ஒரு டிஜிற்றல் வெப்பமானி. வன்னியில் சிங்களம் பேசும் தாதியரும் வேலை செய்வதால் அட்டையின் பின்பக்கம் சிங்களத்திலும் இருக்கட்டும். ஒரு மெஷினின் விலையோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு சொற்பம். அட்டையின் வாசகத்தைத் தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அச்சிடுங்கள்.

இதெல்லாம் கைகூட ஒரு வருடமாவது எடுக்கும். அதுவரை காத்திருக்கவேண்டாம். உங்கள் விடுதியிலிருந்து தெல்லிப்பளைக்கு மாற்றிய அடுத்த நோயாளியோடு, அங்குள்ள பொறுப்புத் தாதிக்கு உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய கடிதம் ஒன்றை அனுப்பி, நோயாளி திரும்பும்போது சிகிச்சை விபரத்தை எழுதித் தரக் கேளுங்கள்.