குரோன்ஸா, டிபியா? குடலுக்குள் ஒரு கிளாசிஃபிகேஷன் கணக்கு

கொரோனா இல்லைங்க, குரோன்ஸ்! 1932-இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் விவரித்த குடல் நோய். இது ஒட்டுவாரொட்டி இல்லை. நம்ம எதிர்ப்பு சக்தியே குடலைப் புண்ணாக்கும். வருஷக்கணக்கில் வந்து வந்து போகும்.

"நமக்கு எதுக்கு இது?"ன்னு கேட்கலாம். இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது நம்ம வயசுலதான். எண்ணூர்ல இருந்து தினமும் ரயில் பிடிச்சு காலேஜ் வர்ற ஒருத்தருக்கு வலப்பக்க அடிவயிற்று வலி, வயிற்றுப்போக்கு, எடை குறைவுன்னு வைங்க. "கடைச் சாப்பாடு ஒத்துக்கல"ன்னு சொல்லி கேஸ் மாத்திரையோட விட்டுடுவோம்.

டாக்டர்கிட்ட போனாலும் நம்ம ஊர்ல ஒரு சிக்கல் இருக்கு: குடல் டிபி. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம்தான் இரண்டுக்கும் பிடிச்ச இடம். அறிகுறிகளும் ஏறக்குறைய ஒண்ணுதான். டிபி கிருமி கிடைச்சா கேஸ் முடிஞ்சுது. ஆனா குடல் டிபியில் கிருமி எண்ணிக்கை குறைவு. டெஸ்ட்ல பல நேரம் சிக்காது.

இப்போ கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸை நினைச்சுப் பாருங்க. டிபியை குரோன்ஸ்னு நினைச்சு ஸ்டீராய்டு கொடுத்தா, எதிர்ப்பு சக்தி அடங்கி, டிபி உடம்பெல்லாம் பரவலாம். குரோன்ஸை டிபின்னு நினைச்சா, மாசங்கள் வீணாகி குடல் சுருங்கி அடைச்சுக்கலாம். இரண்டுமே தப்புதான். ஆனா முதல் தப்பு உயிருக்கே ஆபத்து.

டிபி அதிகமா இருந்த கொரியாவிலும் இதே தலைவலி. சியோல் ஆசன் மருத்துவமனைக் குழு 2006-இல் ஒரு எளிய கணக்கு சொன்னது. கொலனோஸ்கோபியில் நீளவாக்குப் புண், சின்னச் சின்ன ஆப்தஸ் புண், கூழாங்கல் பாவியது போன்ற தோற்றம், ஆசனவாய்ப் பகுதிப் பாதிப்பு இந்த நாலும் குரோன்ஸ் பக்கம். குறுக்குவாக்குப் புண், திறந்தே கிடக்கும் குடல் வால்வு, தழும்பு அல்லது போலி பாலிப், நாலுக்கும் குறைவான குடல் பகுதிகளில் மட்டும் பாதிப்பு இந்த நாலும் டிபி பக்கம். எந்தப் பக்கம் எண்ணிக்கை அதிகமோ, அதுதான் விடை. சமமா வந்தா? முடிவில்லை.

அதுக்கும் முன்னாடியே, 1999-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பயாப்சியைப் பார்த்துப் பிரிக்கும் வழியை எழுதியிருந்தாங்க. கிரானுலோமா என்பது செல்கள் கூடி உருவாகும் சின்ன முடிச்சு. அவை பெரிசா, நிறைய, ஒண்ணோடு ஒண்ணு சேர்ந்து இருந்தா டிபி. சின்னதா, அங்கொண்ணு இங்கொண்ணா இருந்தா குரோன்ஸ்.

அப்பவும் தெளிவு வரலைன்னா, நம்ம நாட்டில் டாக்டர்கள் பல நேரம் டிபி மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூணு மாசத்தில் மறுபடி ஸ்கோப் போடுவாங்க. பாடத்தின் முக்கியமான வரி இதுதான்: வலி குறைஞ்சா மட்டும் போதாது, புண் ஆறியிருக்கணும். குரோன்ஸ்காரருக்கும் டிபி மருந்தில் கொஞ்ச நாள் நல்லா இருக்கலாம்.

அதனால, "இப்போ பரவாயில்லை"ன்னு இரண்டாவது ஸ்கோப்பை விட்டுடாதீங்க. மாத்திரையையும் பாதியில் நிறுத்தாதீங்க. நாலு வாரத்துக்கு மேல வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, ஆறாத ஆசனவாய்ப் புண் — இதில் எது இருந்தாலும் வெட்கப்படாம டாக்டரைப் பாருங்க. ராயபுரம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே குடல் நோய்ப் பிரிவு இருக்கு. செமஸ்டர் முடியட்டும்னு தள்ளிப்போட வேண்டாம்.