மாதிரி விமானத்தில் ரேடியோ கோளாறு: தரையில் தேட வேண்டியவை

ரேடியோ மூலம் இயக்கப்படும் மாதிரி விமானம் சொன்னபடி கேளாமல் தரையில் மோதினால், "சிக்னல் போய்விட்டது" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. ஆனால் உடைந்த விமானத்தைப் பிரித்துப் பார்க்கும்போது, அலை ஒழுங்காக வந்து சேர்ந்ததும், அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ரிசீவருக்கு மின்சாரம் போதாமல் போனதும்தான் பலமுறை தெரியவருகிறது. எனவே ரேடியோ அலையைக் கடைசிக் குற்றவாளியாகவும், மின்சாரத்தையும் ஒயர்களையும் முதல் குற்றவாளிகளாகவும் கொண்டு தேடுவதே அனுபவம் காட்டும் வழி.

இந்தத் தேடலைத் தரையிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் கோவையின் சிங்காநல்லூர்க்காரர்களுக்குச் சற்று அதிகம். பீளமேட்டு விமான நிலையம் மிக அருகிலேயே இருப்பதால், 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்கீழ் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் காட்டப்படும் வரைபடத்தில் இந்தப் பகுதி சிவப்பு மண்டலத்தில், அதாவது ஒன்றிய அரசின் முன் அனுமதியின்றி எதையும் பறக்கவிட முடியாத வான்வெளியில், அடங்குகிறது. கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளமும் உள்ளது. அனுமதி உள்ள வெளியூர் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடிப்பதைவிட, வீட்டு மேசையின் மேல் அதைக் கண்டுபிடிப்பது மலிவு.

கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர், குச்சியின் அசைவைக் குறியீடாக்கி அனுப்ப, விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் அதைப் பிரித்து ஒவ்வொரு சர்வோவுக்கும், அதாவது சுக்கானையோ இறக்கைத் தட்டையோ அசைக்கும் சிறு மோட்டார்ப் பெட்டிக்கும், ஒரு மின்துடிப்பாகத் தருகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி நொடியாக இருந்தால் சர்வோ நடுவில் நிற்கும். 1 மில்லி நொடிக்குக் குறுகினால் ஒரு பக்கமும், 2 மில்லி நொடிக்கு நீண்டால் மறுபக்கமும் திரும்பும்.

இத்தனைக்கும் வேண்டிய மின்சாரம் பெரும்பாலான மின் விமானங்களில் தனி பேட்டரியிலிருந்து வருவதில்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. என்ற கருவிக்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சிறு சுற்று, பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. சிக்கல் தொடங்கும் இடம் இதுவே. விலை குறைந்த 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி.களில் இந்தச் சுற்று 2 ஆம்பியர் வரைதான் தாங்கும் என்றிருக்க, 9 கிராம் எடையுள்ள சிறு சர்வோ ஒன்று அசைய முடியாமல் முட்டி நிற்கும்போது தானே ஏறத்தாழ 0.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், நான்கு சர்வோக்கள் ஒரே நேரத்தில் திணறினால் கணக்கு உதைக்கிறது. அதற்கு மேல், 'லீனியர்' வகைச் சுற்று மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாகவே கழிக்கிறது. 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது 2 ஆம்பியர் ஓடினால், காற்றோட்டமில்லாத தெர்மோகோல் உடலுக்குள் 14 வாட் சூடு சேர்கிறது. சித்திரை வெயிலில் அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோனால் அதைக் குறை சொல்வதற்கில்லை.

மின்னழுத்தம் 3.5 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் பல ரிசீவர்கள் அணைந்து, மீண்டும் விழித்து, டிரான்ஸ்மிட்டரைத் தேடத் தொடங்கும். அதற்கு இரண்டு நொடி பிடித்தால், நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் 30 மீட்டரைக் கடந்துவிடும். இதைக் கண்டறிய, புரொபெல்லரைக் கழற்றிவிட்டு, ரிசீவரின் காலியான துளையில் ஒரு சிறு வோல்ட் மீட்டரைச் செருகி, எல்லாக் குச்சிகளையும் ஒன்றாக வேகமாக ஆட்டியபடியே அசையும் தட்டுகளை விரலால் மெல்லத் தடுத்துப் பார்க்க வேண்டும்; எண் 4.5-க்குக் கீழே துள்ளினால் அந்த விமானம் இன்னும் பறக்கத் தயாராகவில்லை என்று கொள்ளலாம். அதிக ஆம்பியர் தரும் 'ஸ்விட்சிங்' வகை பி.இ.சி.யைத் தனியாகப் பொருத்துவதும், தட்டுகளை இணைக்கும் கம்பிகள் எங்கும் உரசி முட்டாமல் செய்வதும் இதற்கான தீர்வு.

ஒரே ஒரு சர்வோ மட்டும் நடுங்கினால் குறை பெரும்பாலும் அதற்குள்ளேயே, அதன் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் தேய்மானத்தில், இருக்கும். எல்லாம் சேர்ந்து நடுங்கினால் மின்சாரத்தையோ ரிசீவரையோ சந்தேகிக்கலாம். நடுங்கும் சர்வோவை வேறு துளையில் செருகிப் பார்த்தால் நடுக்கம் அதனுடன் போகிறதா, பழைய துளையிலேயே தங்குகிறதா என்பது உடனே தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கோவைப் பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று பாகங்களை ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று மகிழ்பவர்கள் பெரும்பாலும் பொறியியல் மாணவர்களே.

இவை அனைத்தும் சரியாக இருந்த பின்னரே ஆன்டெனாவுக்கு வர வேண்டும். முன்பு 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில், ஒரே அலைவரிசைக் கிரிஸ்டல் கொண்ட இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒன்றையொன்று வீழ்த்தும் அபாயம் இருந்தது. இந்தியாவில் 2005 முதல் உரிமம் இன்றிப் பயன்படுத்த விடப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் கருவிகள் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுவதால் அந்த அபாயம் ஏறக்குறைய ஒழிந்தது. ஆனால் இந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டரே, ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை நீங்கித் தெரியும் 31 மில்லிமீட்டர்த் துண்டு அதன் கால் பங்கு என்பதால், அதை வெட்டினாலோ மடித்தாலோ கார்பன் ஃபைபர்க் குழாயை ஒட்டி வைத்தாலோ தொலைவு குறையும். இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால் அவற்றை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பிரித்து வைப்பது நல்லது. டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டக் கூடாது. அலை பக்கவாட்டில்தான் வலுவாகப் பரவுகிறது, நுனித் திசையில் மெலிகிறது.

டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைக்கும் 'ரேஞ்ச் செக்' நிலையில் முப்பது காலடி எடுத்து வைத்து நடந்து, முதலில் மோட்டார் நின்றபடியும் பிறகு மோட்டார் ஓடும்போதும் (விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள) தட்டுகள் அசைவதைப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் தடுமாறினால், ஈ.எஸ்.சி.யின் மின்னிரைச்சல் ரிசீவரைத் தொடுகிறது என்று பொருள். இரண்டையும் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் தீரும். அலை அறுந்தால் ரிசீவர் செய்ய வேண்டியது ஃபெயில்சேஃப் எனப்படும். பல ரிசீவர்கள், டிரான்ஸ்மிட்டருடன் இணைக்கும் 'பைண்டிங்' வேளையில் இருந்த குச்சி நிலையையே நினைவில் கொள்வதால், மோட்டார் வேகத்துக்கான குச்சியான த்ராட்டிலைக் கீழே இறக்கி வைத்துத்தான் பைண்ட் செய்ய வேண்டும். புரொபெல்லர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால், மோட்டார் நின்றாக வேண்டும்.

விழுந்த விமானத்திலிருந்து எடுத்த ரிசீவர் மேசையில் நன்றாக வேலை செய்யலாம். ஆனால் அதன் சால்டரில் விரிசல் விழுந்திருந்தால் அது மோட்டாரின் அதிர்வில் மட்டுமே வாய் திறக்கக்கூடும் என்பதால், அதை இன்னொரு விமானத்தில் பொருத்துவதற்கு முன் ரேஞ்ச் செக்கை முதலிலிருந்து செய்வதோடு, மின் இணைப்பில் இருக்கும்போதே பென்சிலால் தட்டியும் பார்க்க வேண்டும். அதில் ஒருமுறை விக்கினாலும் அந்த ரிசீவரை மறுபடி வானத்துக்கு அனுப்பக் கூடாது.